பக்கத்துக் குழி

"அந்தக் குழி செத்துப்போச்சு கும்பாத்ரே. குளிர்காலத்து மழைக்கப்புறம் அதுல மூச்சே இல்ல" என்று எலாடியு சொன்னபோது ஏரிக்கரை இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. தரையிலிருந்து எழும்பும் ஆவி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

குவால்தெர் பானையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். "எங்கப்பன் குழியப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா?"

"உங்கப்பனுக்கு நடத்த முடியாது, அவரு போயிட்டாரு. அதான் உனக்கு நடத்துறேன். அந்த வேலியோரம் ரெண்டு நல்ல குழி சும்மா இருக்கு. அதுல எறக்கு."

"எனக்கு இதுதான்."

"உன் இஷ்டம். டவுன்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எலாடியு கையுறையை உதறிக்கொண்டு போய்விட்டான். ஃபூர்னஸ் ஏரிக்கரையில் எரிமலைச் சூட்டில் பானையைப் புதைத்து வேகவைக்கும் சமையல் குழிகளைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. குவால்தெரின் மகளுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கும்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உறவில் கேலி செய்ய உரிமை உண்டு. கேலியை மனதில் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. ஆனால் 'டவுன்காரன்' என்ற சொல் குவால்தெரின் மனதில் நின்றது.

அவன் பிறந்தது இந்த ஊரில்தான். கல்யாணத்துக்குப் பிறகு பொந்தா டெல்காடா பட்டணத்தில் குடியேறி, சொந்தமாக வண்டி வாங்கி, சுற்றுலாக்காரர்களைத் தீவு முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிகிறான். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் மட்டும். வேறு யாரையும் கூட ஏற்றுவதில்லை. எரிமலை வாய்கள், வெந்நீர் ஓடைகள், கொதிக்கும் சேறு, மத்தியானம் மண்ணுக்குள் வெந்த கறிச் சாப்பாடு. சாப்பாட்டை எப்போதும் ஊரிலுள்ள ஓட்டலில் சொல்லி வைத்துவிடுவான். இந்த முறை அப்படிச் செய்யவில்லை. அமெரிக்காவிலிருந்து போனில் பேசிய எர்குலானு என்ற பெரியவர், "நீ ஃபூர்னஸ்காரனாப்பா? அப்படின்னா ஓட்டல் சாப்பாடு வேண்டாம். உங்க வீட்டுப் பானை கிடைக்குமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனைப் பேச வைத்தது. "கிடைக்கும் ஐயா. எங்க குடும்பத்துக்குன்னே ஒரு குழி இருக்கு. அந்த மண்ணு என் சொல்லக் கேக்கும்" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகு அது உண்மையாக இருந்தாக வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. மாட்டுக்கறி, பன்றிக்கறி, கோழி, சாசேஜ், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அம்மா அடுக்கிய மாதிரியே தண்ணீர் விடாமல் அடுக்கி, துணியால் மூடி, நீல நைலான் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அப்பாவின் குழியில் இறக்கி, பலகையால் மூடி, மேலே மண்ணைக் குவித்தான். மண் அவ்வளவு சூடாக இல்லை என்பது கைக்குத் தெரிந்தது. விடியற்காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டான். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தான்.

எர்குலானு அதிகம் பேசாத மனிதர். சின்னப் பையனாக இருந்தபோது தீவைவிட்டுப் போனவர், நெசவாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மனைவி செத்த பிறகு மகள் லீனாவோடு முதல்முறையாகத் திரும்பி வந்திருக்கிறார். வண்டியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். லீனா பின்னாலிருந்து கேள்வி கேட்டாள். அவளுக்கு அப்பாவின் மொழி பாதிதான் வரும்.

பெரியவரின் மௌனம் குவால்தெரை அதிகமாகப் பேச வைத்தது. மேகம் மூடிய எரிமலை வாயின் விளிம்பில் நின்று, அடியில் இருக்கும் ஏரி தெரியாவிட்டாலும் அதைப்பற்றிப் பேசினான். பெரணிகளுக்கு நடுவே ஓடும் வெந்நீர் ஓடையில் லீனா காலை நனைத்தபோது, நிலத்துக்கு அடியில் இருக்கும் நெருப்பைப்பற்றிப் பேசினான். "இந்தத் தீவுல பிறந்தவனுக்குக் காலாலேயே தெரியும் ஐயா, எங்க சூடு, எங்க இல்லைன்னு" என்றான்.

எர்குலானு அதைக் கேட்டுத் தலையசைத்தார். "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வாரு" என்றார்.

மத்தியானம் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. கம்பி வேலிக்கு வெளியே கூட்டம். உள்ளே ஓட்டல் ஆட்கள் கொக்கி போட்டுப் பானைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுக்க, பார்ப்பவர்கள் கைதட்டினார்கள். எலாடியு அந்தக் கோடியில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தான். கந்தக வாடையும் வெந்த கோஸ் வாடையும் கலந்து மூக்கைத் துளைத்தன.

"அப்பா, முன்னாடி வாங்க. நம்ம பானை வரப்போகுது" என்று லீனா எர்குலானுவைக் கையைப் பிடித்து வேலிக்கு அருகே நிறுத்தினாள்.

குவால்தெர் உள்ளே போனான். அப்பாவின் குழி மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. மண்ணை விலக்கினான். பலகையை எடுத்தான். கயிற்றில் கை வைத்தான்.

கயிறு சுடவில்லை.

வெறும் கையால் பிடிக்க முடிந்தது. பானையின் பக்கத்தைத் தொட்டான். அது வெயிலில் நின்ற வண்டியின் கதவைப்போல வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளே கறி எப்படி இருக்கும் என்று திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அவன் குனிந்தபடியே இருந்தான். முதுகுக்குப் பின்னால் பெரியவர் நிற்கிறார் என்பது தெரிந்தது. திரும்பி, "ஐயா, என் குழி ஆறிப்போச்சு, நான் ஏமாந்துட்டேன், ஓட்டலுக்குப் போகலாம்" என்று சொன்னால் போதும். சிரித்துவிட்டு அவர் தொப்பியைப் போட்டுக்கொள்வார். எலாடியு கொஞ்ச நாள் கேலி செய்வான். அவ்வளவுதான். பிற்பாடு பலமுறை இதைத்தான் அவன் நினைத்துக்கொண்டான்: இவ்வளவு சின்ன அவமானத்துக்கா பயந்தோம் என்று.

பக்கத்துக் குழியின் பலகையைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டிருந்தது. நன்றாக வெந்த பானையின் ஆவி எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் குழிக்காரரின் பெயர் எழுதிய பலகைத் துண்டு காற்றில் சாய்ந்து, எழுத்துப் பக்கம் தரையில் பட விழுந்து கிடந்தது. அதைக் காலால் புரட்டினால் பெயர் தெரிந்துவிடும். அவன் புரட்டவில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டான். பக்கத்துக் குழியைத் திறந்து, சிவப்புக் கொடிக்கயிறு கட்டிய பானையைத் தூக்கி வெளியே வைத்தான். தன் பானையை அந்தச் சூட்டில் இறக்கி மூடி, மண்ணைத் தள்ளினான். ஓட்டல்காரர்கள் என்றால் இந்நேரம் எடுத்திருப்பார்கள். இது யாரோ வீட்டுக்காரர்களுடையது, பூசை முடிந்து நிதானமாகச் சாயங்காலம்தான் வருவார்கள், அதற்குள் இது வெந்துவிடும், கறி கறிதானே. இதெல்லாம் ஒரே நொடியில் அவன் மனதில் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றது. வேலிக்கு வெளியே லீனா கைதட்டினாள்.

"பாத்தீங்களா!" என்று அவன் கத்தினான். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ஏரிக்கரை மரங்களுக்கடியில் மர மேசையில் பானையை வைத்து, கயிற்றை அவிழ்த்துக் காலடியில் போட்டான். துணியை விலக்கி மூடியைத் திறந்தான். ஆவி விலகியபோது முட்டைக்கோஸ் இலைகளுக்கு மேலே, சிவப்பு நாடாவால் கட்டிய ஒரு புதினாக் கட்டு படுத்திருந்தது.

குவால்தெரின் கை மூடியோடு அப்படியே நின்றுவிட்டது.

தினப்படிச் சாப்பாட்டில் யாரும் புதினா வைப்பதில்லை. அது தூய ஆவிக்கு நேர்ந்துகொண்ட சாப்பாட்டில் வைப்பது. யாரோ ஒருவர் நோய்க்கோ பிரயாணத்துக்கோ பயந்து, 'இதிலிருந்து காப்பாத்து, வாசலுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அசனம் போடுறேன்' என்று நேர்ந்து, அந்த வேண்டுதல் பலித்துச் சமைத்த பானை இது.

எர்குலானு குனிந்து பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "புதினா" என்றார். ஏரிப் பக்கமிருந்து சேறு கொதிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என்னப்பா?" என்றாள் லீனா.

"நான் கப்பலேறுறதுக்கு முந்தின நாள் எங்கம்மா அசனம் போட்டாங்க. நான் பத்திரமா போய்ச் சேரணும்னு நேர்ச்சை. அதுக்கப்புறம் இந்த வாசனைய நான் பாக்கவேயில்ல." அவர் குவால்தெரை நிமிர்ந்து பார்த்தார். "இது நேர்ச்சைச் சாப்பாடுல்ல தம்பி? யாருக்கு நேர்ந்தது?"

உண்மையைச் சொல்வதற்கு அது இரண்டாவது வாய்ப்பு.

"உங்களுக்காகத்தான் ஐயா" என்றான் குவால்தெர். "ரொம்ப காலம் கழிச்சு ஊருக்கு வர்றீங்களே, அதான்."

பெரியவரின் கண் கலங்கியது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தாயின் பெயரை முணுமுணுத்தார். பிறகு தன் கையாலேயே நல்ல துண்டாக ஒன்றை எடுத்து முதலில் குவால்தெரின் தட்டில் வைத்தார். "வச்சவன் சாப்பிடாம நாங்க எப்படிச் சாப்பிடுறது? எடுத்துக்க."

கறி எலும்பிலிருந்து தானாகவே கழன்றது. அவ்வளவு நன்றாக வெந்திருந்தது. குவால்தெர் சாப்பிட்டான். அது ருசியாக இருந்தது என்பதை அவனால் தடுக்க முடியவில்லை. லீனா, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமாப்பா? பானையோட?" என்று சிரித்தாள். பெரியவரும் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

அவர்கள் முடிக்கும் தறுவாயில் எலாடியு கையுறையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மரங்களுக்கிடையே வந்தான்.

"வணக்கம் ஐயா, வணக்கம்மா. சாப்பாடு எப்படி?"

"இதுக்கு மேல ஒரு சாப்பாடு இருக்கா?" என்றார் எர்குலானு.

"செத்த குழியில இவ்வளவு நல்லா வெந்திருக்கே. கும்பாத்ரே, நீ பெரிய ஆளுதான்யா!" சொல்லும்போது எலாடியுவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு அது மெல்லப் போய்விட்டது. "ஒரு சங்கடம். தெயோலிந்தா அத்தை வீட்டுப் பானைய எடுக்க இப்பத்தான் ஆள் வந்தாங்க. மக ஜுல்மீராவுக்கு லிஸ்பன்ல இருதய ஆபரேஷன் நடந்துச்சுல்ல, பொழச்சு வந்தா அசனம்னு நேர்ந்திருந்தாங்க. இதுக்குன்னே ஒரு கன்னுக்குட்டிய வளத்தாங்க. இன்னைக்குத்தான் அசனம். மேசை நிறைய ஆளு உக்காந்திருக்கு. குழியத் திறந்தா, நீலக் கயித்துல ஒரு பச்சைப் பானை. கறி செவசெவன்னு கெடக்கு."

எலாடியுவின் பார்வை மேசைமேல் ஓடி, தட்டோரம் கிடந்த புதினாவில் கொஞ்சம் நின்று, குவால்தெரின் காலடியில் சுருண்டு கிடந்த சிவப்புக் கயிற்றில் போய் முடிந்தது. "ஏதோ ஓட்டல் பசங்க குழி மாத்தி எடுத்துட்டாங்க போலன்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கேன்" என்றான் மெதுவாக. "நீ எதும் பாத்தியா கும்பாத்ரே?"

எர்குலானு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்ப்பது தெரிந்தது.

"இல்ல. பாக்கல."

"சரி. பாக்கலன்னா பாக்கல" என்றான் எலாடியு. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் குவால்தெரின் தோளில் கை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான். நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் தோளைத் தொடுவார்கள்.

வண்டியில் ஏறினார்கள். காலிப் பானையைச் சிவப்புக் கயிற்றோடு பின்னால் வைத்தாகிவிட்டது. அடுத்து போக வேண்டியது துருநிறத் தண்ணீர் நிறைந்த வெந்நீர்க் குளம். லீனா நீச்சலுடை எடுத்து வந்திருந்தாள். அவள் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தாள். முன்னால் இருந்த இருவரும் ஒரு சொல்லில் பதில் சொன்னதும் அவளும் நிறுத்திவிட்டாள். சாலையின் இருபக்கமும் ஹைட்ரேஞ்சியாச் செடிகள் மொட்டு விட்டிருந்தன. குவால்தெர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

பாதி வழியில் அவன் யோசித்தது மனிதர்களைப்பற்றிக்கூட அல்ல. தெயோலிந்தாவுக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதைத்தான். எலாடியு வாய் திறக்க மாட்டான். ஓட்டல் பசங்களை நாலு நாள் ஊர் திட்டும். ஜுல்மீரா உயிரோடு இருக்கிறாள், அதுதானே முக்கியம். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது, மத்தியானம் குழியோரத்தில் காரணங்கள் வந்து நின்ற அதே வரிசை இது என்பது அவனுக்கு உறைத்தது. அதே சுறுசுறுப்பு, அதே ஒழுங்கு.

ஊர் எல்லையில் வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்தான். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"ஐயா, அந்தப் பானை என்னோடது இல்ல."

எர்குலானு தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "காலையில பானை கட்டின மிச்சம் நீலக் கயிறு உன் வண்டிக்குள்ள கெடந்துச்சு. இங்க செவப்புக் கயிறு."

"அப்பவே கேட்டிருக்கலாமே ஐயா."

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அதையும் நான் கேக்கணுமா?"

பின்னாலிருந்து லீனா, "அப்பா, என்ன சொல்றாரு? நாம யாரோடதச் சாப்பிட்டோம்?" என்றாள். அவர் அவளுக்குத் தன் மொழியிலும் அவள் மொழியிலுமாகச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அந்த ஆபரேஷன் பண்ணின பொண்ணோடதா?"

குவால்தெர் தலையசைத்தான். பூசைக்குப் போய்த் திரும்பும் குடும்பம் ஒன்று சாலையைக் கடந்தது; அதில் ஒருவர் அவனை அடையாளம் கண்டு கையாட்டினார். அவனும் கையாட்டினான்.

"உங்கள முதல்ல குளத்துல விட்டுட்டு நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றான்.

"சாப்பிட்டது நான். நீ மட்டும் போறதாவது?" என்றார் பெரியவர். "வண்டிய எடு."

தெயோலிந்தாவின் வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையை ஒழித்து நீள மேசை போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, இனிப்பு ரொட்டிகள், ஒயின் ஜாடிகள். உள்ளறையில் பூக்களுக்கு நடுவே தூய ஆவியின் அடையாளமான வெள்ளிக் கிரீடம் இருப்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. மேசை நிறைய ஆட்கள் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள் அடுப்பில் எதுவோ அவசர அவசரமாகக் கொதித்தது. மேசைக் கோடியில் ஜுல்மீரா மெலிந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு இருந்தாள். எலாடியு சுவரில் சாய்ந்து நின்றான். குவால்தெர் காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரு, ரெமீஜியோ மகன் குவால்தெரா?" என்று தெயோலிந்தா அகப்பையோடு வெளியே வந்தாள். கட்டையான, வேலை செய்து உரமேறிய பெண். "வா வா. விருந்தாளிங்களையும் கூட்டிட்டு வந்திருக்கியே, நல்ல காரியம். சாப்பாடுதான் கொஞ்சம் லேட்டாகும். எந்தக் கட்டையில போறவனோ..." அப்போது அவள் பானையைப் பார்த்தாள். சிவப்புக் கயிற்றைப் பார்த்தாள்.

"அத்தை, உங்க பானைய எடுத்தது நான்தான். ஓட்டல்காரங்க இல்ல."

கொட்டகையில் பேச்சு நின்றது.

தெயோலிந்தா அவனை நேராகப் பார்த்தாள். "தெரியாம எடுத்துட்டியா?" என்று கேட்டாள். அது ஒரு வழி என்பது அவனுக்குப் புரிந்தது. அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள். தலையை ஆட்டினால் போதும், எல்லோரும் சிரித்து மறந்துவிடுவார்கள்.

"தெரிஞ்சுதான். என் குழி ஆறிப்போயிருந்துச்சு. இவரு முன்னாடி அசிங்கமாயிடும்னு எடுத்தேன். யாரோடதுன்னு மட்டும் தெரியாது. பலகையப் புரட்டிப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பாத்தா எடுக்க முடியாதுன்னு."

மேசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "டவுன்ல வசதியா இருக்கான்னு பாத்தா, பையன் பட்டினி போலிருக்கே" என்று ஒரு கிழவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஜுல்மீரா சிரிக்கவில்லை. அவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எர்குலானு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, சாப்பிட்டது நானும் என் மகளும். எங்களுக்குத் தெரியாதுதான். ஆனா புதினாவப் பாத்ததும் எங்கம்மா பேரச் சொல்லி, சிலுவ போட்டுட்டுத்தான் சாப்பிட்டேன். மன்னிக்கணும்."

"நல்லா வெந்திருந்துச்சா?" என்றாள் தெயோலிந்தா.

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. "வெந்திருந்துச்சு. எலும்புலேர்ந்து தானா வந்துச்சு."

"உப்பு?"

"சரியா இருந்துச்சும்மா."

"நேத்து ராத்திரி முழுக்க அந்த உப்பையே நெனச்சுட்டிருந்தேன்." அவள் முகம் சற்று இளகியது. "அப்படின்னா நீங்க என் விருந்தாளி. கூப்பிடாம வந்தவங்கதான் தூய ஆவி அனுப்பினவங்க. உள்ள வந்து உக்காருங்க. அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது? உக்கார வைங்க அத."

இடம் விட்டார்கள். எர்குலானுவும் லீனாவும் உட்கார்ந்தார்கள். குவால்தெர் பானையை வாசலோரம் கீழே வைத்தான். "நான் வண்டியில இருக்கேன் அத்தை."

"நில்லு."

அவள் குரலை உயர்த்தவில்லை. கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலப் பேசினாள். ஆனால் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டது. "வாசலுக்கு வந்த ஒருத்தரையும் சாப்பிடாம அனுப்பமாட்டேன்னு நேர்ந்திருக்கேன். நல்லவங்க கெட்டவங்கன்னு பிரிச்சு நேரல. அப்ப எனக்குப் பிரிக்கத் தோணல, பொண்ணு ஆபரேஷன் மேசைமேல கெடந்தா. உன்னால என் நேர்ச்சை பாதி கெட்டாச்சு. மீதியையும் கெடுக்காத. வந்து உக்காரு. அந்த நேர்ச்சை மட்டும் இல்லைன்னா உன்கிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன்."

"எனக்குப் பசிக்கல அத்தை."

"பசிக்காது. என் கன்னுக்குட்டி உன் வயித்துலதான படுத்திருக்கு."

ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது. குவால்தெர் போய் உட்கார்ந்தான். காலியாக இருந்த ஒரே இடம் ஜுல்மீராவுக்குப் பக்கத்தில்தான். அவள் கொஞ்சம் நகர்ந்து, ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவள் கை எலும்பும் நரம்புமாக இருந்தது. ஏதோ கேட்க வாய் எடுத்து நிறுத்திக்கொண்டான். கேட்க வேண்டியது உடம்பு எப்படி இருக்கிறது என்பது. அதைக் கேட்கும் தகுதியை மத்தியானத்திலேயே தொலைத்துவிட்டதுபோல் இருந்தது.

உள்ளேயிருந்து தெயோலிந்தா கிண்ணத்தோடு வந்தாள். குவால்தெரின் பானையில் இருந்ததைத்தான் அடுப்பில் ஏற்றி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் சரியாக வேகவில்லை. அந்த வீட்டு வழக்கப்படி, கடைசியாக வாசலேறினவருக்கு முதல் கிண்ணம். நேர்ந்தவளே அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவர் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் மேசையில் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள்.

அவள் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். ஸ்பூனைத் துணியால் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பசித்த முகங்கள் மேசையின் இருபக்கமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. எலாடியு பார்த்தான். எர்குலானு மட்டும் பார்க்காமல் விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அந்தக் கருணை குவால்தெருக்கு மற்ற எல்லாப் பார்வையையும்விடக் கனமாக இருந்தது. எழுந்து ஓடிவிட முடியாது. ஓடினால் அவள் நேர்ச்சை முறிந்துவிடும். திட்டு வாங்கவும் முடியாது. திட்டுவதை அவள் தூய ஆவிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

ஸ்பூனை எடுத்தான். கறித்துண்டை வாயில் வைத்தான். அது ரப்பர் மாதிரி, நடுவில் இன்னும் வேகாமல், உப்பே இல்லாமல் இருந்தது. அம்மா அடுக்கிய மாதிரிதான் அடுக்கினான். உப்பைத்தான் மறந்திருக்கிறான் போல. மென்றான். அது சிறியதாகவே ஆகவில்லை. காது வரை சூடு ஏறியது. மறுபடி மென்றான்.

"விழுங்கினதும் சொல்லு" என்றாள் தெயோலிந்தா. "மத்தவங்களுக்குப் போடணும்."